சர்க்கரை மாத்திரை: தள்ளிப்போடுவோருக்கு ஒரு மறுப்பு

இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது புதிதாகத் தெரியவந்தவர் மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: முடிந்தவரை தள்ளிப்போடலாம். பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் சோறு குறைகிறது, காலை நடை தொடங்குகிறது, வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் வீட்டுக்குள் வருகின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு மட்டும் அலமாரியில் கிடக்கிறது. இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் நான்கு வாதங்கள் இருக்கின்றன. தொந்தரவு ஏதும் இல்லாதபோது மருந்து எதற்கு என்பது முதலாவது. தொடங்கினால் ஆயுள் முழுக்க நிறுத்த முடியாது என்பது இரண்டாவது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது மூன்றாவது. உணவாலும் உடற்பயிற்சியாலுமே நோயைத் திருப்பிவிடலாம் என்பது நான்காவது. படித்தவர்களிடையே இப்போது அதிகம் செல்வாக்குப் பெற்றிருப்பது இதுதான். நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மைகளிலிருந்து ‘தள்ளிப்போடு’ என்ற முடிவு பிறக்கவில்லை.

இது ஒரு சில குடும்பங்களின் தனிப்பட்ட விருப்பமாக நின்றுவிடும் விஷயமும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள். இவர்களில் ஒரு சிறு பங்கினர் முதல் ஆண்டைத் தயக்கத்தில் கழித்தாலும், அதன் விளைவு பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கண் மருத்துவமனைகளிலும் டயாலிசிஸ் மையங்களிலும் வந்து சேரும்.

தொந்தரவு இல்லை என்ற வாதம்

நீரிழிவை அடையாளம் காட்டும் எண்கள் உலகெங்கும் ஒன்றுதான்: வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். அடிக்கடி சிறுநீர் கழித்தல், தாகம், நாவறட்சி ஆகிய அறிகுறிகள் வேறொரு எண்ணைச் சார்ந்தவை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே சிறுநீரகம் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடியாமல் வெளியே விடுகிறது. வெறும் வயிற்றில் 140, 150 என்று இருப்பவருக்கு நாளின் பெரும்பகுதியில் இந்த அறிகுறிகள் தோன்ற வழியில்லை. அவர் நலமாக இருப்பதாக உணர்வது பொய்யில்லை. அந்த உணர்வுக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பில்லை என்பதே செய்தி. விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நரம்புகளிலும் உள்ள நுண்குழாய்கள் 180ஐத் தாண்டும்வரை காத்திருப்பதில்லை.

இதற்கான சான்று பிரிட்டனில் கிடைத்தது. ராபர்ட் டர்னர் தலைமையில் 1977இல் தொடங்கிய பிரிட்டன் நீரிழிவு முன்னோக்கு ஆய்வு, 23 மையங்களில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்தது. நோய் தெரியவந்த கட்டத்திலேயே அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் பாதிப்பின் அடையாளங்கள் இருந்தன. இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களுடைய செயல்திறனும் சராசரியாகப் பாதி அளவுக்கு இறங்கியிருந்தது. ஆய்வகம் நோயின் பெயரை எழுதிக்கொடுக்கும் நாள் நோய் தொடங்கிய நாள் அன்று. நோய் பல ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் வேலை செய்து, கணையத்தின் பாதிச் சேமிப்பைத் தின்றுமுடித்த நாள். தொந்தரவு வரட்டும், பிறகு பார்ப்போம் என்பவர் மீதிப் பாதியையும் பணயம் வைக்கிறார்.

அந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்ட வழக்கமான சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு சல்ஃபோனைல்யூரியா மாத்திரை அல்லது இன்சுலின் கொண்ட தீவிர சிகிச்சையும் தரப்பட்டன. பத்தாண்டுக் காலத்தில் எச்பிஏ1சி முதல் பிரிவில் சராசரியாக 7.9 சதவீதம், இரண்டாம் பிரிவில் 7.0 சதவீதம். ஒரு சதவீதம்கூட இல்லாத இந்த வேறுபாடு, கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்குழாய்ச் சிக்கல்களை 25 சதவீதம் குறைத்தது. உடல் எடை அதிகமுள்ளவர்களில் மெட்ஃபார்மின் பெற்ற 342 பேரிடம் நீரிழிவு சார்ந்த சிக்கல்கள் 32 சதவீதமும் எல்லாக் காரணங்களாலான இறப்பு 36 சதவீதமும் குறைந்தன. 342 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் அந்த விமர்சனத்துக்குப் பின்னர் வந்த ஆண்டுகளே விடை சொல்லின.

ஆய்வு முடிந்ததும் எல்லோரும் வழக்கமான மருத்துவத்துக்குத் திரும்பினார்கள். ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அப்படியானால் தீவிர சிகிச்சையின் பயனும் கரைந்திருக்க வேண்டும். 2008இல், பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு வேறு மாதிரி வந்தது. தொடக்கத்தில் தீவிர சிகிச்சை பெற்றவர்களிடம் நுண்குழாய்ச் சிக்கல்கள் 24 சதவீதம் குறைவாகவே நீடித்தன. முன்பு தெளிவாகத் தெரியாத மாரடைப்புக் குறைவும் இப்போது 15 சதவீதமாக வெளிப்பட்டது. மெட்ஃபார்மின் பிரிவில் மாரடைப்பு 33 சதவீதமும் இறப்பு 27 சதவீதமும் குறைந்திருந்தன. 2024இல் வெளியான அடுத்த கட்டக் கணக்கு, ஆய்வு முடிந்து 24 ஆண்டுகள் கழிந்த பின்னும் இந்தப் பயன் மறையவில்லை என்று காட்டியது. முதல் ஆண்டுகளில் போட்ட மாத்திரையின் கணக்கை உடல் கால் நூற்றாண்டு வரை வைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

இதன் மறுபக்கத்தை வடக்குக் கலிஃபோர்னியாவில் 34,737 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய் கண்டறியப்பட்ட முதல் ஆண்டில் எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னாளில் சிக்கல்கள் கூடுதலாக வந்தன. 7 சதவீதத்தையும் தாண்டியவர்களிடம் இறப்பும் கூடியது. பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு காரணத்தை முற்றாக நிறுவாது. ஆனாலும் பிரிட்டன் ஆய்வு சொன்னதையே இதுவும் வேறொரு நாட்டில், வேறொரு வழியில் சொல்கிறது: முதல் ஆண்டு வீணாக்கக் கூடிய ஆண்டு இல்லை.

தொடங்கினால் நிறுத்த முடியாது என்ற வாதம்

இந்த வாதம் அனுபவத்திலிருந்து வருகிறது. அரை மாத்திரையில் தொடங்கிய உறவினர் ஐந்து ஆண்டுகளில் மூன்று மாத்திரைக்கும், பிறகு ஊசிக்கும் போனதை ஒவ்வொரு குடும்பமும் பார்த்திருக்கிறது. பார்த்தது உண்மை. மாத்திரைதான் மாத்திரையைப் பெருக்கியது என்று அதற்குக் கற்பிக்கப்படும் காரணம் தவறு. பிரிட்டன் ஆய்வில் உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் விடப்பட்டவர்களின் சர்க்கரையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. ஒன்பதாம் ஆண்டில் உணவு மட்டுமே கொண்டு எச்பிஏ1சியை 7 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தவர்கள் 9 சதவீதத்தினர் மட்டுமே. ஏறுவது நோய், மாத்திரை அந்த ஏற்றத்தின் பின்னால் ஓடுகிறது. தாமதமாகத் தொடங்கியவருக்கு அந்த ஓட்டம் இன்னும் நீளமாகிறது.

நிறுத்த முடியாது என்பதற்கு நேர் எதிரான சான்றும் இருக்கிறது. சீனாவில் ஒன்பது மையங்களில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 382 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, மூன்று பிரிவாக அவர்களைப் பிரித்தது: பம்ப் வழியே இன்சுலின், நாளுக்குப் பல முறை இன்சுலின் ஊசி, மாத்திரை. சர்க்கரை சீரான பின் இரண்டு வாரங்கள் சிகிச்சையைத் தொடர்ந்து, பிறகு மருந்துகளை முழுதாக நிறுத்தி, உணவும் உடற்பயிற்சியும் மட்டும் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். ஓராண்டு கழித்துப் பம்ப் பிரிவில் 51.1 சதவீதத்தினரும் ஊசிப் பிரிவில் 44.9 சதவீதத்தினரும் மாத்திரைப் பிரிவில் 26.7 சதவீதத்தினரும் மருந்தில்லாமல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். எல்லோரும் அதிகம் அஞ்சும் இன்சுலினைச் சில வாரங்கள் போட்டவர்களிலேயே நிறுத்த முடிந்தவர்கள் அதிகம்.

இதன் காரணம் உடலியலில் இருக்கிறது. நீண்ட நாள் உயர்ந்திருக்கும் குளுக்கோஸ் பீட்டா செல்களுக்கே நஞ்சாகிறது. அவை களைத்து, இருக்கும் இன்சுலினைக்கூடச் சரியாகச் சுரக்க முடியாமல் போகின்றன. சர்க்கரையை வேகமாக இறக்கினால், இன்னும் சாகாத செல்கள் ஓரளவு மீள்கின்றன. சீன ஆய்வில் இன்சுலின் பெற்றவர்களிடம் முதல் கட்ட இன்சுலின் சுரப்பு ஓராண்டு கழித்தும் மேம்பட்டே இருந்தது. நோய் முற்றி, செல்கள் அழிந்த பின் இந்த மீட்சிக்கு இடமில்லை. மருந்தை என்றாவது நிறுத்த வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு அதற்கான வாய்ப்பு அதிகமாக இருக்கும் காலம் தொடக்கம்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் அந்த வாய்ப்பைச் சுருக்குகிறது.

நிறுத்தினால் சர்க்கரை திரும்ப ஏறுவதை அடிமைத்தனம் என்று கொள்வதும் பிழை. மெட்ஃபார்மினுக்கு உடல் பழகி ஏங்குவதில்லை; நிறுத்தினால் விலகல் நோய் வருவதில்லை. மழை நிற்கும் முன் குடையை மடக்கினால் நனைவது குடையின் குற்றமாகாது.

சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற வாதம்

நான்கு வாதங்களில் அதிகம் பரவியதும், அதிகச் சேதம் செய்வதும் இதுவே. மெட்ஃபார்மினை வைத்தே இதை ஆராயலாம். ஐரோப்பியச் செடியான கலேகாவில் உள்ள ஒரு வேதிப்பொருளிலிருந்து கிளைத்த ஆராய்ச்சியின் பயனாக, 1922இல் டப்ளினில் முதலில் தயாரிக்கப்பட்ட மருந்து அது. பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் நீரிழிவுக்கு அதைப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைப்பதே அதன் முதன்மை வேலை. உடலில் அது சிதைவதில்லை. உள்ளே போன வடிவிலேயே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது.

குழப்பத்தின் வேர் இந்தக் கடைசிச் செய்தியில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் மருந்து வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். தேங்கினால் லாக்டிக் அமிலம் கூடும் அரிய ஆபத்து உண்டு. ஆகவே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 45க்குக் கீழே இறங்கும்போது மருத்துவர் அளவைக் குறைக்கிறார். 30க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுகிறார். வீட்டார் பார்ப்பது ‘சிறுநீரகம் கெட்டது, உடனே மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள்’ என்பதை மட்டும். அதிலிருந்து, மாத்திரைதான் கெடுத்தது என்ற முடிவுக்குத் தாவுகிறார்கள். மெட்ஃபார்மினின் உறவு மருந்தான ஃபென்ஃபார்மின் லாக்டிக் அமிலச் சிக்கலால் 1970களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதும் இந்த அச்சத்துக்கு உரமிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மெட்ஃபார்மினை 1994 வரை அனுமதிக்காமல் காத்திருந்தது. அதே அமைப்பு 2016இல் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, மிதமான சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று விதியைத் தளர்த்தியது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்தென்றால் இந்தத் தளர்வு நேர்ந்திருக்காது.

நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு இந்தியாவில் முதன்மைக் காரணம் கட்டுப்படாத நீரிழிவு. அதைத் தடுக்க வேண்டிய மாத்திரையையே குற்றவாளியாக்கும்போது உண்மைக் குற்றவாளி தப்பிவிடுகிறது. இதைவிடவும் வலுவான மறுப்பு புதிய மருந்துகளிலிருந்து வந்திருக்கிறது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகளில் ஒன்றான கனாகிளிஃப்ளோசினை, ஏற்கெனவே சிறுநீரக பாதிப்பு இருந்த 4,401 நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட கடும் விளைவுகள் 30 சதவீதம் குறைந்ததால், பயன் தெளிவாகிவிட்டதென்று ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். சர்க்கரை மருந்துகளில் ஒரு குடும்பமே இன்று சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தாகத் தரப்படுகிறது.

மருந்துகளுக்குத் தீங்கே இல்லை என்று சொல்வதும் நேர்மையாகாது. மெட்ஃபார்மின் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கையும் குமட்டலையும் தரும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களிடம் பி12 வைட்டமின் குறையலாம். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள், சாப்பாடு தவறினால் சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கிவிடும். எஸ்ஜிஎல்டி2 மருந்துகள் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றைக் கூட்டும். அரிதாக ரத்தம் அமிலமாகும் நிலையையும் உண்டாக்கும். இவை கவனிக்க வேண்டியவை; அளவை மாற்றியும் மருந்தை மாற்றியும் பரிசோதனை செய்தும் பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. போன பார்வைக்கும் போன சிறுநீரகத்துக்கும் இப்படி ஒரு திருத்தம் கிடையாது.

பக்கவிளைவுக்கு அஞ்சி மூலிகைப் பொடிக்கு மாறுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெந்தயத்துக்கும் பாகற்காய்க்கும் சர்க்கரையைச் சிறிதளவு குறைக்கும் தன்மை இருக்கலாம். கண்ணையும் சிறுநீரகத்தையும் பத்தாண்டு காக்கும் என்று அவற்றை யாரும் சோதித்துக் காட்டவில்லை. உணவில் அவை இருப்பதில் தவறில்லை. ஆனால் மூலிகை என்ற பெயரில் விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற நவீன மருந்துகள் கலந்திருந்தது பல நாடுகளில் ஆய்வகச் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. மாத்திரை வேண்டாமென்று ஓடியவர், அளவு தெரியாத மாத்திரையையே பொடியில் விழுங்கியிருக்கிறார்.

உணவே போதும் என்ற வாதம்

இந்த வாதத்துக்கு மட்டும் உண்மையான ஆய்வு பலம் உண்டு. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் மைக் லீன், ராய் டெய்லர் இருவரும் நடத்திய டைரக்ட் ஆய்வு 2017இல் வெளியானபோது, நீரிழிவு திரும்பாத பாதை என்ற பழைய நம்பிக்கை உடைந்தது. நோய் தெரிந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருந்தவர்களிடம், மருந்துகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, எடை குறைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஓராண்டில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமல் நீரிழிவு வரம்புக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். இந்த முடிவை மறுப்பதற்கில்லை.

மறுக்க வேண்டியது, இதைக் காட்டி ‘நானும் சோற்றைக் குறைத்து நடந்துகொள்கிறேன்’ என்று மாத்திரையைத் தள்ளிவைப்பதை. டைரக்ட் ஆய்வில் நடந்தது சோற்றைக் குறைப்பது அன்று. மூன்று முதல் ஐந்து மாதங்கள் வழக்கமான உணவு முழுதும் நிறுத்தப்பட்டு, நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் கொண்ட பானங்கள் தரப்பட்டன; பயிற்சி பெற்ற செவிலியரும் உணவியல் வல்லுநரும் தொடர்ந்து கண்காணித்தார்கள்; சர்க்கரை ஏறினால் மருந்தைத் திரும்பத் தொடங்கும் விதியும் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஓராண்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இலக்கை எட்டவில்லை. இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36 ஆக இறங்கியது.

அதில் சேர்க்கப்பட்டவர்கள் உடல் நிறை குறியீட்டெண் 27க்கு மேல் இருந்தவர்கள். இந்தியர்களிடம் இந்நோய் வரும் விதம் வேறு: இளம் வயதில், பார்வைக்கு ஒல்லியானவர்களிடமும், வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, பீட்டா செல் விரைவில் தளர்ந்து வருகிறது. குறியீட்டெண் 23, 24 என்று இருக்கும் ஒருவருக்கு 15 கிலோ குறைப்பது என்பது சிகிச்சையாக இருக்காது. ஸ்காட்லாந்தில் வாழும் தெற்காசிய வம்சாவளியினரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வு ஊக்கம் தருவதாகவே இருந்தது; அதிலும் சேர்ந்தவர்கள் எடை கூடியவர்களே.

சாதாரண உணவுக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிரிட்டன் ஆய்வில் எல்லோருக்கும் முதல் மூன்று மாதம் உணவு ஆலோசனை மட்டுமே தரப்பட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஏறக்குறைய இயல்பு அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆறில் ஒருவர். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வையும் உணவுக் கட்சியினர் அடிக்கடி காட்டுகிறார்கள். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரில், ஏதும் செய்யாத பிரிவில் 55 சதவீதத்தினருக்கு ஏறக்குறைய மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் 39.3 சதவீதம், சிறு அளவில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5 சதவீதம். வாழ்க்கைமுறையின் மதிப்பை இது நிறுவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் இது நோய் வருமுன் நடந்த ஆய்வு. அந்த நிலையிலேயே, நன்றாகக் கண்காணிக்கப்பட்ட பத்துப் பேரில் நான்கு பேரை உணவும் நடையும் மட்டும் காக்க முடியவில்லை. நோய் வந்தவரை அவை மட்டும் காக்கும் என்பதற்கு இதில் சான்று தேடுவது வீண்.

உணவா மாத்திரையா என்று எதிரெதிராக நிறுத்துவதே இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை. மெட்ஃபார்மின் உணவுக் கட்டுப்பாட்டுக்கு இடையூறு செய்வதில்லை; எடையைக் கூட்டுவதில்லை; தனியாக எடுக்கும்போது சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளுவதும் அரிது. நடப்பவர் அதையும் எடுத்துக்கொண்டு நடக்கலாம். எடை குறைந்து, எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தால் மருத்துவர் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார். நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் அதே அளவு நீடித்தால் அதை நோய் தணிவு என்று மருத்துவம் ஏற்றுக்கொள்கிறது. மாத்திரையோடு தொடங்கியவருக்கு இந்தக் கதவு மூடப்படுவதில்லை.

மருத்துவ ஆய்விலிருந்தே எடுக்கப்படும் எதிர்வாதம்

கொஞ்சம் படித்தவர்கள் இன்னொன்றையும் காட்டுவதுண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த அக்கார்டு ஆய்வில், எச்பிஏ1சியை 6 சதவீதத்துக்குக் கீழே இறக்க முயன்ற தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு 22 சதவீதம் கூடியதால், 2008இல் அந்தச் சிகிச்சை நிறுத்தப்பட்டது. மருந்து கூடினால் சாவு கூடும் என்று இதைப் படிக்கிறார்கள். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 62; பாதிப் பேருக்கு நோய் வந்து பத்தாண்டு ஆகியிருந்தது; மூன்றில் ஒருவருக்கு முன்பே இதய நோய் தாக்கியிருந்தது. பல மருந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இயல்பு அளவை நோக்கி அவர்களை வேகமாகத் தள்ளினார்கள். அந்த ஆய்வு தரும் பாடம், நோய் முதிர்ந்த முதியவரிடம் மிகக் கடுமையான இலக்கு ஆபத்து என்பது. புதிதாக நோய் தெரிந்த நாற்பது வயதுக்காரர் ஒரு மெட்ஃபார்மின் மாத்திரையைத் தொடங்கலாமா என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. அக்கார்டையும் பிரிட்டன் ஆய்வையும் சேர்த்து வாசித்தால் கிடைப்பது ஒரே செய்தி: கட்டுப்பாட்டின் பயன் தொடக்கத்தில் அதிகம், ஆபத்து குறைவு, காலம் போகப் போக இது தலைகீழாகிறது.

தொடக்கத்திலேயே கூடுதலாகச் செய்வது எப்படி இருக்கும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 34 நாடுகளில் 2,001 பேரிடம் நடந்து 2019இல் வெளியான வெரிஃபை ஆய்வு, மெட்ஃபார்மினோடு வில்டாகிளிப்டின் என்ற மற்றொரு சர்க்கரை மாத்திரையையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்த பிரிவையும், மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்த பிரிவையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டுகளில் முதல் கட்டச் சிகிச்சை கைகொடுக்காமல் போனது முதல் பிரிவில் 43.6 சதவீதத்தினருக்கு, மற்றதில் 62.1 சதவீதத்தினருக்கு.

சரியான தொடக்கம்

மாத்திரையை உடனே தொடங்கு என்பது கண்ணை மூடிக்கொண்டு தொடங்கு என்பதாகாது. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நோயை உறுதிசெய்யக் கூடாது. இரண்டாவது முடிவும் வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களிடம் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடியோ குறைந்தோ காட்டலாம் என்பதால், அவர்களுக்கு ரத்தச் சர்க்கரையையே நம்ப வேண்டும். தொடக்கத்திலேயே கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், கொழுப்பு, விழித்திரை, கால் நரம்பு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் சாப்பாட்டோடு தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக உயர்த்தப்படுகிறது. மெல்லக் கரையும் வகை வயிற்றுத் தொந்தரவைக் குறைக்கும். இதய நோயோ, இதயச் செயலிழப்போ, சிறுநீரக பாதிப்போ இருப்பவருக்கு எஸ்ஜிஎல்டி2 அல்லது ஜிஎல்பி1 வகை மருந்துகளுக்கு முன்னுரிமை உண்டு. எடை வேகமாகக் குறைந்தோ, எச்பிஏ1சி 10க்கு மேல் இருந்தோ, சர்க்கரை 300ஐத் தாண்டியோ வருபவருக்குத் தொடக்கத்திலேயே இன்சுலின் தேவைப்படலாம். ஒல்லியான இளைஞர் ஒருவருக்குத் திடீரென்று நோய் வந்தால் அது முதல் வகையா என்றும் பார்க்க வேண்டும். தள்ளாத வயதில் பல நோய்களோடு இருப்பவருக்கு இலக்கைத் தளர்த்துவதே முறை.

உணவால் மட்டும் முயன்று பார்க்கத் தகுந்தவர்களும் உண்டு. எச்பிஏ1சி 6.5ஐச் சற்றே தாண்டியவர், எடை கூடியவர், உறுதியோடு உழைக்கக் கூடியவர் ஆகியோருக்கு மருத்துவரே மூன்று மாத அவகாசம் தரலாம். அந்த அவகாசத்துக்கு முடிவு நாள் ஒன்று இருக்க வேண்டும். அன்று எச்பிஏ1சி பார்க்க வேண்டும். இலக்கு எட்டாவிட்டால் மாத்திரையைத் தொடங்க வேண்டும். வீடுகளில் நடக்கும் தள்ளிப்போடலுக்கு இந்த மூன்றும் கிடையாது.

செலவும் இப்போது சாக்காக முடியாது. மெட்ஃபார்மின் மிக மலிவான மருந்துகளில் ஒன்று. டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும் சிட்டாகிளிப்டினுடையது 2022இலும் எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025இலும் இந்தியாவில் முடிந்து, அவற்றின் விலையும் இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டு வாசலுக்கே வருகிறது.

மாத்திரையைத் தொடங்காமல் இருப்பதும் ஒரு சிகிச்சை முடிவுதான். அதற்கும் பக்கவிளைவு உண்டு. அது பத்தாண்டு கழித்து வருவதால் யாரும் அதைத் தள்ளிப்போட்டவரின் கணக்கில் எழுதுவதில்லை. நிறுத்த முடியாது என்ற வாதமும் சிறுநீரக வாதமும் சான்றுகளின் முன் நிற்கவில்லை. தொந்தரவு இல்லை என்பது நோயின் இயல்பே தவிர நோயின்மைக்கு அடையாளமில்லை. உணவு வாதம் மாத்திரைக்குத் துணையாக நிற்குமே தவிர மாற்றாக நிற்காது. புதிதாக நீரிழிவு உறுதியானவர் சோற்றைக் குறைக்கட்டும், நடக்கட்டும், எடையைக் குறைக்கட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் அதே வாரத்தில் தொடங்கட்டும். நிறுத்துவதைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை முடிவோடு மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.